தேதி சொல்லாத வியாதி

அரசு உத்தியோகத்தில் சேர்கிற அன்றைக்கே ஒருவன் எப்போது வீட்டுக்குப் போவான் என்பது தெரிந்துவிடும். பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்தில் பிறந்த தேதியை எழுதுவார்கள். அதோடு 58-ஐக் கூட்டினால் ஓய்வு பெறும் தேதி. நான் 1971-ல் புதுச்சேரி அரசில் எல்.டி.சி.யாகச் சேர்ந்தபோது அதுதான் கணக்கு. 1998-ல் அதை 60 ஆக்கினார்கள். இரண்டு வருஷம் தள்ளிப்போனதே தவிர, அதற்கும் ஒரு தேதி இருந்தது. இன்கிரிமென்ட் எப்போது, ஜி.பி.எஃப். கடனின் கடைசித் தவணை எந்த மாதம், எல்.டி.சி. எந்த வருஷம் எடுக்கலாம், எல்லாமே தேதிதான். (முதலில் சொன்ன எல்.டி.சி. வேலை, இரண்டாவது சொன்னது விடுமுறைப் பயணச் சலுகை. எங்கள் ஆபீசில் இந்தக் குழப்பத்தை வைத்து நிறைய சிரித்திருக்கிறோம்.) இப்படி முப்பத்தெட்டு வருஷம் தேதிகளுக்குள்ளேயே வாழ்ந்துவிட்டு, எழுபதாவது வயதில், தேதியே சொல்லாத ஒரு வியாதியோடு குடித்தனம் நடத்த வேண்டி வந்தது.

வியாதியின் பெயர் பார்க்கின்சன். தமிழில் நடுக்குவாதம் என்கிறார்கள். 2019-ல் டாக்டர் பெயரைச் சொன்னார். ஆனால் அதற்கு முந்தைய வருஷமே என் கையெழுத்து அதைச் சொல்லத் தொடங்கியிருந்தது.

கையெழுத்தைப் பற்றி நான் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன். கல்வே காலேஜில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்களுக்கு 'திக்தே' என்கிற சொல்வதெழுதல் வாரம் தவறாமல் நடக்கும். எழுத்துப் பிழைக்குத் தனி மார்க் குறைப்பு, எழுத்தின் அழகுக்குத் தனிப் பேச்சு. மைக்கூட்டில் தொட்டு எழுதும் பேனாவில் கீழ்க்கோடு தடித்தும் மேல்கோடு மெலிந்தும் வர வேண்டும். முசே மேசை மேசையாக நடந்து வந்து பார்ப்பார். பிற்பாடு ஆபீசில் கவர்னர் மாளிகைக்குப் போகிற குறிப்பு என்றால், டைப் அடிக்க ஆள் இல்லாத நாளில், என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

வீட்டுக் கணக்கை இன்றைக்கும் கையால்தான் எழுதுகிறேன். 2018 கடைசியில் என் மனைவி அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, எறும்பு ஊர்ந்து போன மாதிரி இருக்கு? கண்ணாடி போட்டும் தெரியலையே" என்றாள். வரியின் தொடக்கத்தில் எழுத்து சரியான அளவில் இருக்கும். போகப்போகச் சிறுத்து, வரி முடிவில் பால், தயிர், மீன் எல்லாம் ஒரே மாதிரி கோடாகியிருக்கும். இந்த வியாதியில் அப்படி ஆவதற்கு மருத்துவத்தில் தனிப்பெயரே உண்டு: மைக்ரோகிராஃபியா. பிறகு வலது கை நடக்கும்போது வீசாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டது. சும்மா மடியில் வைத்திருந்தால் கட்டைவிரல் மாத்திரை உருட்டுவதுபோல் ஆடும். ஏதாவது எடுக்கப் போனால் ஆட்டம் நின்றுவிடும். மீன் குழம்பு வாசனை சில வருஷங்களாகவே எனக்குத் தெரியவில்லை. அதுவும் இதைச் சேர்ந்தது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. மோப்பம் குறைவதும் மலச்சிக்கலும் சிலருக்கு நடுக்கத்துக்குப் பல வருஷம் முன்னாலேயே வந்துவிடுமாம்.

சர்க்கரைக்கு இருப்பதுபோல 'இத்தனை பாயிண்ட்' என்று சொல்லும் ரத்தப் பரிசோதனை இதற்கு வழக்கத்தில் இல்லை. டாக்டர் என்னை நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொன்னார், ஒரு வரி எழுதச் சொன்னார், முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார். நான் குமாஸ்தா அல்லவா, உடனே கேட்டேன்: "எத்தனை வருஷத்துல எந்த நிலைக்குப் போகும் டாக்டர்?"

"ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி சார். உங்களுக்கு எப்படிங்கிறதை உங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்."

மழுப்புகிறார் என்று அப்போது நினைத்தேன். வீட்டுக்கு வந்து படிக்கத் தொடங்கியதும்தான், அவர் உள்ளதைச் சொன்னார் என்று புரிந்தது. 1967-ல் ஹோன், யார் என்கிற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் இந்த வியாதியை ஐந்து நிலைகளாகப் பிரித்தார்கள். முதல் நிலை உடம்பின் ஒரு பக்கம் மட்டும். இரண்டாவது இரு பக்கமும். மூன்றாவதில் நிற்கும்போது தடுமாற்றம். ஐந்தாவது சக்கர நாற்காலி அல்லது படுக்கை. படிக்கட்டு மாதிரி அழகாகத்தான் இருக்கிறது. ஒரு படியில் ஒருவர் எத்தனை காலம் நிற்பார் என்பதை மட்டும் அந்தப் பட்டியல் சொல்லாது. நடுக்கம் முக்கியமாக இருப்பவர்களுக்குப் பொதுவாக மெதுவாகப் போகும் என்கிறார்கள். எனக்கு நடுக்கம்தான் முக்கியம். ஆனால் 'பொதுவாக' என்பது ஒரு கூட்டத்துக்குப் பொருந்தும் சொல். வரிசையில் நிற்கும் ஒரு ஆளைக் காட்டி, இவருக்கு இப்படித்தான் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

பிரெஞ்சு படித்ததில் ஒரு லாபம், அந்த மொழியிலும் தேடிப் படிக்கலாம். ஜேம்ஸ் பார்க்கின்சன் லண்டன் டாக்டர். 1817-ல் ஒரு சிறு புத்தகம் எழுதினார், ஆறே ஆறு பேரை வைத்து. அந்த ஆறு பேரில் சிலர் அவரிடம் வைத்தியத்துக்கு வந்தவர்கள்கூட இல்லை. தெருவில் நடந்து போனதைப் பார்த்து எழுதியிருக்கிறார். அவர் அதற்கு வைத்த பெயர் 'நடுங்கும் வாதம்' என்கிற பொருளில் வரும். பாரிசில் சல்பெத்ரியேர் ஆஸ்பத்திரியில் இருந்த ஷார்க்கோ, எல்லாருக்கும் நடுக்கம் வருவதில்லை, இது வாதமும் இல்லை என்று சொல்லி, முதலில் எழுதியவர் பெயரையே வைத்துவிட்டார். இதே ஷார்க்கோ, நோயாளிகள் ரயிலிலோ குதிரை வண்டியிலோ நெடுந்தூரம் குலுங்கிக்கொண்டு வந்த பிறகு கொஞ்சம் தேவலை என்று சொல்வதைக் கேட்டு, உட்கார்ந்தால் அதிர்கிற மாதிரி ஒரு நாற்காலியே செய்ய வைத்தாராம். என் மனைவியிடம் இதைப் படித்துக் காட்டினேன். "வில்லியனூர் டவுன் பஸ்ல ஒரு பாஸ் எடுத்துடலாமா?" என்றாள்.

இதையெல்லாம் படித்ததைவிட எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது என் பழைய வேலை. எண்பதுகளில் சில வருஷம் ஓய்வூதியப் பிரிவில் இருந்தேன். நவம்பர் மாதம் வந்தால் பென்ஷன்காரர்கள் உயிர்வாழ்ச் சான்றிதழ் கொடுக்க வருவார்கள். கையெழுத்தை முந்தைய வருஷத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் வேலை. இந்தப் பக்கம் சொல்தா வீட்டுக்காரர்களும், பிரெஞ்சு பென்ஷனுக்காக இதே மாதிரி ஒரு தாளை எடுத்துக்கொண்டு வேறு வாசலில் நிற்பார்கள். ஊரில் பாதிப் பேர் வருஷத்துக்கு ஒருமுறை, தாம் உயிரோடு இருப்பதைத் தாளில் காட்டிய காலம் அது.

ஒரு கோப்பைப் புரட்டினால் ஒரே மனிதரின் பத்துப் பதினைந்து வருஷக் கையெழுத்துகள் கிடைக்கும். ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். முதல் தாளில் பெரிய, சுழித்த கையெழுத்து. அடுத்த வருஷம் பாதி. அதற்கடுத்த வருஷம் நகக்கீறல் போல ஒன்று. நான்காவது தாளில் சாட்சியோடு பெருவிரல் ரேகை. இன்னொருவர் பொதுப்பணித் துறையில் இருந்தவர். அவருடைய கையெழுத்து முதல் தாளிலேயே அலை அலையாக நடுங்கியிருந்தது. பதினான்கு வருஷம் கழித்தும் அதே நடுக்கம், அதே அளவு. கடைசி வரைக்கும் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் வருவார். ஏறி ஓட்டினாரா, பிடிமானத்துக்கு வைத்திருந்தாரா என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. அவர்களுக்கு என்ன வியாதி என்று எந்தத் தாளிலும் இல்லை. பென்ஷன் கொடுக்க அது தேவையும் இல்லை. ஆனால் டாக்டர் "ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி" என்று சொன்னதற்குப் பொருள் என் கண்ணுக்குத் தெரிவது இந்த இரண்டு கோப்புகளாகத்தான். இரண்டில் என்னுடையது எது என்பதுதான் கேள்வி. இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கவும் கூடும்.

எதிர்காலம் தெரியாது என்பதுகூடப் பரவாயில்லை. எந்த மனிதனுக்குத் தெரியும்? தொந்தரவு கொடுப்பது இன்றைக்கு நடப்பதைப் படிப்பதுதான். காலையில் லுங்கி கட்டும்போது தடுமாறினால், அது வியாதி ஒரு படி இறங்கியதா, ராத்திரி சரியாகத் தூங்காததா? போனில் பேசும்போது மகள் "அப்பா, சத்தமாப் பேசுங்க" என்றால், குரல் போகிறதா, லைன் சரியில்லையா? சட்டைப் பொத்தான் போட ஐந்து நிமிஷம் ஆனால், அது என் விரலா, புதுச் சட்டையின் துளை சின்னதா? முன்பெல்லாம் உடம்பு என்றால் வயசு என்று ஒரே பதில் இருந்தது. இப்போது எதற்கும் இரண்டு பதில்.

மாத்திரையும் இதில் சேர்ந்துகொள்ளும். லெவோடோபா என்கிற இந்த மருந்து அறுபதுகளின் கடைசியில்தான் பெரிய அளவில் வழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன்னால் இந்த வியாதி வந்தவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. மூளையில் குறைந்துபோன டோபமைன் என்கிற பொருளாக அது உள்ளே போய் மாறுகிறது. புரதம் அதிகமுள்ள சாப்பாடும் இந்த மருந்தும் குடலில் ஒரே வாசலில் நெருக்கும் என்பதால், விடியற்காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் மாத்திரை, பிறகுதான் இட்லி, முட்டை எல்லாம். வருஷம் ஆக ஆக ஒரு மாத்திரை வேலை செய்யும் நேரம் குறையலாம் என்கிறார்கள். ஆகவே பகல் பன்னிரண்டு மணிக்கு நான் கொஞ்சம் மந்தமானால், மனைவி கடிகாரத்தைப் பார்க்கிறாள், நான் அவளைப் பார்க்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் பூனைக்காலி விதைப் பொடியை வாங்கிக்கொண்டு வந்தார். அன்புதான். அதில் லெவோடோபா இருப்பது உண்மை. டாக்டரிடம் கேட்டேன். "ஒரு ஸ்பூன்ல எவ்வளவு இருக்குன்னு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மாத்திரையோட சேர்த்தா கணக்கு போயிடும்" என்றார். ஏற்கெனவே தெரியாதது போதும் என்று பொடியை எடுத்து வைத்துவிட்டேன்.

நடப்பதற்கு மட்டும் ஒரு நல்ல வழி கிடைத்தது. கால் தரையில் ஒட்டிக்கொள்வதுபோல் ஆனால் மனசுக்குள் தாளம் போட்டு எண்ணுங்கள் என்று பிசியோதெரபிப் பெண் சொன்னாள். எண்ணத் தொடங்கினால் என் வாயில் வருவது அன், தெ, த்ருவா, காத்ர் என்று பிரெஞ்சுதான். கல்வே காலேஜ் மைதானத்தில் டிரில் எடுத்தது எங்கே உட்கார்ந்திருந்ததோ தெரியவில்லை. மாலை ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள். அந்த நேரத்தில் காந்தி சிலையிலிருந்து ஒரு கிழவன் முணுமுணுத்துக்கொண்டே நடப்பதைப் பார்த்தால் அது நான்தான். ஜபம் செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எழுதுவதற்கும் அதே மாதிரி. பிள்ளைகள் எழுதும் நாலு கோடு நோட்டு வாங்கியிருக்கிறேன். கோட்டுக்குக் கோடு தொட்டு எழுதினால் எழுத்து சிறுக்காமல் நிற்கிறது. வெறும் தாள் என்றால் மறுபடியும் எறும்புதான்.

போன வருஷம் ஒரு வங்கியில் என் காசோலையைக் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பிவிட்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். அந்த வாரமே புது மாதிரிக் கையெழுத்து கொடுத்தேன். கணக்கை 'இருவரில் யாராவது ஒருவர்' என்று மாற்றினேன். உயிலை எழுதி சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் பதிவு செய்தேன். கை வேலை செய்யும்போது செய்துவிட வேண்டியவை இவை. இதைப் படிக்கிறவர்களில் என் வயதுக்காரர்கள், வியாதி இருக்கிறதோ இல்லையோ, இந்த மூன்றையும் முடித்துவிட்டு வந்து மீதியைப் படிக்கலாம்.

மற்ற முடிவுகள் அப்படிக் கையெழுத்தில் முடிவதாக இல்லை. மகள் பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். "நடக்க முடியும்போதே வந்துடுங்கப்பா, அப்புறம் விமானத்துல வர்றதே கஷ்டமாயிடும்" என்கிறாள். சரியான பேச்சு. நடக்க முடிகிற நாட்களைக் கடற்கரைச் சாலையில் நடக்காமல் அங்கே நான்காவது மாடியில் ஜன்னல் வழியே குளிரைப் பார்த்துக்கொண்டு எதற்குக் கழிக்க வேண்டும் என்பது என் கட்சி. அதுவும் சரிதான் என்று நினைக்கிறேன். நான் அந்தப் பள்ளிக்கூட ஆசிரியரின் கோப்பு என்றால் உடனே கிளம்ப வேண்டும். பொதுப்பணித் துறைக்காரரின் கோப்பு என்றால், பத்து வருஷத்தை முன்கூட்டியே விட்டுக்கொடுத்தவன் ஆவேன்.

என் மனைவியின் கணக்கு வேறு. காரைக்காலில் இருக்கும் அக்காவைப் பார்க்க அவள் இரண்டு வருஷமாகப் போகவில்லை. "இப்ப வேணாம், இவருக்கு எப்படி ஆகுதுன்னு பார்த்துட்டுப் போறேன்" என்று போனில் சொல்வது எனக்குக் கேட்கும். போன தீபாவளிக்குப் பிறகு ஒருநாள் அவளே சொன்னாள்: "நீங்க எப்ப விழுவீங்கன்னு பார்த்துக்கிட்டே நான் உட்கார்ந்திருக்க முடியாதுங்க. விழுந்தா தூக்க இருக்கேன். அதுவரைக்கும் நாம ரெண்டு பேரும் கொஞ்சம் இருந்துக்கலாமே."

ஆபீஸ் நடைமுறையில் 'கால் புக்' என்று ஒரு பதிவேடு உண்டு. கோர்ட்டில் வழக்கு நிலுவையில் இருக்கிறது, ஆறு மாதத்துக்கு நாம் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்றால், அந்தக் கோப்பை நிலுவைப் பட்டியலிலிருந்து எடுத்து அதில் பதிவார்கள். மூடியதாக அர்த்தம் இல்லை. தினமும் மேசையில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டியதில்லை, அவ்வளவுதான். குறித்த காலம் வந்தால் எடுத்துப் பார்க்க வேண்டும். முன்னாலேயே தீர்ப்பு வந்துவிட்டால் உடனே எடுக்க வேண்டும். நரம்பியல் டாக்டரும் என்னை ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் வரச் சொல்லியிருக்கிறார். மனைவியிடம் இதைச் சொன்னேன். பாரிசுக்குக் குடிபோவது, மாடியை விடுவது, ஆள் வைப்பது, மூன்றும் கால் புக்கில். ஜூன், டிசம்பர் என்று இரண்டு தடவை எடுத்துப் பேசுவது. நடுவில் நான் விழுந்தால் உடனே. மற்ற நாட்களில் லுங்கித் தடுமாற்றத்தை வைத்து யாரும் தீர்ப்பு எழுதக்கூடாது. "இதுக்கு ஒரு ரிஜிஸ்டரா?" என்றாள். ஆனால் காலண்டரில் அவளே வட்டம் போட்டாள்.

இது எல்லா நாளும் வேலை செய்வதாகச் சொல்லமாட்டேன். ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்து, கட்டிலில் புரண்டு படுக்க முடியாமல் இரண்டு தடவை முயற்சி செய்யும்போது, எந்தப் பதிவேடும் ஞாபகம் வராது. ஐந்தாவது படிதான் ஞாபகம் வரும்.

ஜனவரியில் அவள் நான்கு நாள் காரைக்கால் போய்விட்டு வந்தாள். மாத்திரை நேரங்களைக் கொட்டை எழுத்தில் எழுதிக் குசினிக் கதவில் ஒட்டிவிட்டுப் போனாள். நான் பொத்தான் இல்லாத பனியன்களாகப் போட்டுக்கொண்டு சமாளித்தேன். மூன்றாம் நாள் சாம்பாரைக் கொட்டிவிட்டேன். வியாதி இல்லாத காலத்திலும் கொட்டியிருக்கிறேன்.

இப்போது கீழ் அறைக்குப் பக்கத்தில் ஒரு குளியலறை கட்டிக்கொண்டிருக்கிறோம். மாடியிலேயே இருந்தாலும் கீழே வந்தாலும் அது தேவைப்படும். மகள் வீட்டுக்கே போனாலும் வாடகைக்கு விட உதவும். மேஸ்திரி வழுக்காத டைல்ஸ் போட்டு முடித்துவிட்டு, சுவரில் பென்சிலோடு நின்றுகொண்டு, "கைப்பிடி எந்தப் பக்கம் சார் வைக்கணும்?" என்று கேட்டார். இப்போதைக்கு வலது பக்கம்தான் பலவீனம், ஆகவே பிடிப்பதற்கு இடது பக்கம் என்று சொல்லப் போனேன். அதற்குள் என் மனைவி பின்னாலிருந்து, "ரெண்டு பக்கமும் வைங்க" என்றாள். மேஸ்திரி இரண்டு பக்கமும் அளந்து கோடு போட்டுக்கொண்டு போயிருக்கிறார்.